காசிம் அண்ணனின் கார் ஓடுகிறது

1

ஷார்ஜாவில் பழைய கார்களுக்கு உதிரி பாகம் விற்கும் கடையொன்றில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். என் அலமாரியிலிருந்து அதிகம் போகும் சாமான் ஹெட் கேஸ்கட். எஞ்சினின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவில் வைக்கிற மெல்லிய தகடு அது. உள்ளே எரியும் நெருப்பு, சுற்றி ஓடும் தண்ணீர், எண்ணெய் மூன்றையும் அதனதன் வழியில் நிறுத்தி வைக்கும். அது கருகிவிட்டால் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். வருகிறவர் வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்வார், நான் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் ஒரு வண்டியில் அதை மாட்டி நான் பார்த்ததில்லை. போன சாரல் சமயத்தில் தென்காசியில்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

காசிம் அண்ணனுக்குத் தென்காசி பஜாரில் ஜவுளிக்கடை. பத்து வருடத்துக்கு முன், சாரல் தொடங்கியிருந்த ஒரு காலையில், குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு பழைய குற்றாலத்துக்குப் போனான். திரும்பி வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் வண்டி பூட்டியபடி கிடைத்தது. பின் சீட்டில் துண்டு மடித்து வைத்தபடி இருந்தது, ஈரம் படாமல். அன்று அருவியில் தண்ணீர் நிதானமாகத்தான் விழுந்ததாம். ஓடையிலும் கீழே உள்ள குளங்களிலும் ஆட்களை இறக்கித் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. வீட்டில் சண்டை இல்லை. உடம்பில் நோய் இல்லை. போலீஸ் பதிவில் அண்ணன் இன்னும் 'காணாமல் போனவர்'.

அதன் பிறகு எனக்குப் போன் வரத் தொடங்கியது. புளியங்குடியில் எலுமிச்சை லாரி பக்கத்தில் நின்றான், சிவகிரி பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான் என்று யாராவது சொல்வார்கள். கொஞ்ச காலத்தில் அவை ஓய்ந்தன. நாலைந்து வருடம் கழித்து மறுபடியும் ஆரம்பித்தன. இந்த முறை எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"ஒங்க அண்ணன் இலஞ்சிப் பக்கம் வண்டியில போறான் தம்பி," என்றார் மைதீன். அண்ணன் கடைக்கு அடுத்த கடைக்காரர். "விடியக்கால நேரம். கண்ணாடி பூரா ஆவி. ஆனா அவன் வண்டிதான், அந்தக் காக்கி ஜெர்கின்தான். கைய ஆட்டுனேன். நிக்காமப் போயிட்டான்."

ஒவ்வொரு முறையும் மதினிக்குப் போன் போடுவேன். ஜைனப் மதினி அண்ணனின் மனைவி. "வண்டி செட்டுலதான் நிக்கி," என்பார். அதற்கு மேல் அவரும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். துருவிக் கேட்டால் அந்தப் போன்கள் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். ஷார்ஜாவில் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது, அங்கே ஒரு கார் இலஞ்சியைத் தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அது ஒரு தெம்பாக இருந்தது.

போன வருடம் மதினியே கூப்பிட்டார். "வண்டிக்குப் பதினஞ்சு வருசம் முடியுது. ஆர்.சி. புதுப்பிக்கணும். அதோட என் பேருக்கு மாத்தணும். நீ வந்தாத்தான் நடக்கும்."

2

திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை வந்து, காலை ஏழு மணி வாக்கில் வீடு சேர்ந்தேன். மலை தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. மதினி தனியாகத்தான் இருக்கிறார். மகள் சமீமாவைப் புனலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது.

பெட்டியை வைத்துவிட்டு வீட்டை ஒட்டிய தகரச் செட்டுக்குப் போனேன். தூசி மூடி, டயர் இறங்கி, எலி கடித்த ஒரு வண்டியை எதிர்பார்த்திருந்தேன். வண்டி துடைத்து வைத்தது போல் நின்றது. டயர்களில் காற்று இருந்தது. சக்கரத்தின் ஓரத்தில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. சும்மா பானெட்டின் மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது.

கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். எஞ்சின் ஆறும்போது உள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். அது வந்துகொண்டிருந்தது.

பின்னால் மதினி நின்றார். "தகரம் வெயில்ல சூடாவுதுல்லா, அதான்," என்றார்.

வெளியே விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

3

மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டக் கிளம்பினோம். ஆர்.சி. புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்ட வேண்டும். நான் ஓட்டினேன். மதினி பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் எடுத்துத் தந்த சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் மூன்று சிலிண்டரில் ஒன்று தப்பித் தப்பி அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை.

குற்றாலம் ரோட்டில் இசக்கியின் பட்டறைக்குப் போக வேண்டும். இலஞ்சி வளைவு வரும்போது சூடு காட்டும் முள் மேலே முட்டிவிட்டது. ஓரம் கட்டினேன். பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறியது.

எதிரே தென்னந்தோப்பிலிருந்து வயதான ஒருவர் வந்தார். நாங்கள் கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் கேனைக் கொண்டுவந்து வாய்க்கால் பாலத்துச் சுவரில் வைத்தார். வைத்துவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி வரலியா இன்னைக்கி?" என்று கேட்டார்.

"எந்த அண்ணாச்சி?"

"இந்த வண்டிக்காரருதான். எப்பவும் இங்கனதான நிப்பாட்டுவாரு. பேச மாட்டாரு. நான் கேன வச்சிட்டு உள்ள போயிருவேன். பொறவு எறங்கி ஊத்திட்டு, கேன இங்கனயே வச்சிட்டுப் போயிருவாரு. ஆளுக்கு என்ன நேர்ச்சையோ, நமக்கெதுக்குன்னு நானும் கேக்கதில்ல."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மூணு வருசமா இப்பிடித்தான். வண்டி தண்ணி குடிக்கி. இப்ப ரொம்பக் குடிக்கி."

"தண்ணி எதுல மொண்டு வைக்கீங்க?"

"இந்த வாய்க்கால்லதான். அருவித் தண்ணி, சுத்தமா இருக்கும்."

நான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தை மறுபக்கம் வைத்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேனைத் தூக்கி ஊற்றும்போது பாதித் தண்ணீர் வெளியே சிந்தியது.

4

இசக்கி எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அடியில் விரலால் வழித்து என்னிடம் நீட்டினான். கட்டி மோர் மாதிரி இருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி எஞ்சினை ஓட விட்டான். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது.

"ஹெட் கேஸ்கட் போயிருச்சு. தண்ணி ஆயிலுக்குள்ள எறங்கிருக்கு. இவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

கடையில் ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. ஆனால் அன்று ஒரு நோயாளியின் வாசலில் நிற்பவன் மாதிரி இருந்தது எனக்கு. பழைய போல்ட்டுகளைப் பற்றி அவன் ஏதோ கேட்டதற்கு, வளைகுடாப் பழக்கத்தில் இல்லை என்பதற்கு "மாஃபி" என்று சொல்லிவிட்டேன். என்ன பாஷை என்பது போல் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினான்.

தண்ணீரை வடித்தான். பெல்ட்டையும் குழாய்களையும் கழற்றினான். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து மாற்றி மாற்றித் தளர்த்தி, மதியத்துக்குள் மேல் பாதியைத் தூக்கிவிட்டான். கேஸ்கட் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் இடையில் கருகி அரித்துப் போயிருந்தது. ஹெட் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினான். நடுவில் ஒரு கீற்று ஒளி வந்தது.

"வளஞ்சிருக்கு. லேத்துல கொடுத்துச் சமம் பண்ணணும்."

பிறகு தண்ணீர் ஓடும் ஓட்டைகளுக்குள் கம்பியை விட்டுக் கிளறினான். வெளியே வந்ததைப் பலகையில் தட்டினான். மினுமினுவென்று பொடி மணல். ஒரு மக்கிய இலைத் துணுக்கு.

"ஆத்து மணலு. எஞ்சின் பூரா இருக்கு."

அந்த மணலை நான் கையில் வாங்கினேன். அண்ணனைத் தேடி ஓடையில் இறங்கியவர்கள் கைநிறைய அள்ளிக் காட்டியது வெறும் மணலைத்தான் என்று அப்போது யாரோ போனில் சொன்னது ஞாபகம் வந்தது.

"ஒன்பது வருசமா நிக்கிற வண்டி," என்றேன்.

"யாரு சொன்னா? முந்தாநா வர ஓடுன வண்டி அண்ணாச்சி இது. பிரேக் டிஸ்கப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. நானே பாத்துருக்கேனே. போன மாசம் இந்தப் பக்கமா ஒங்க அண்ணாச்சி போனாவ. இவ்வளவு தூரம் வாறவிய ஒருக்க எங்கிட்டக் காட்டிருந்தா ஹெட்டு தப்பிச்சிருக்கும்."

அன்று பொழுது முழுக்க நான் வேறு ஆளாக இருந்தேன். அண்ணன் உயிரோடு இருக்கிறான். வருகிறான், போகிறான், ஏதோ காரணத்தால் முகம் காட்டவில்லை, அவ்வளவுதான். ஷார்ஜாவுக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னேன். மகள் போனைப் பிடுங்கினாள். அவளுடைய பள்ளித் தோழிகள் எல்லோரும் மலையாளிகள். அவள் தமிழும் அந்த மாதிரிதான் வரும்.

"அத்தா, பெரியப்பா கிட்டிச்சா?" என்று கேட்டாள்.

தொலைந்த பென்சிலுக்கும் அவள் அப்படித்தான் கேட்பாள். அவள் பிறந்த பிறகு அண்ணன் அவளை ஒருமுறைதான் தூக்கியிருக்கிறான். திருத்தத் தோன்றவில்லை. கிட்டும் என்று சொன்னேன்.

5

வீட்டுக்குப் போனபோது மதினி அடுப்படியில் இருந்தார். வாசலிலேயே நின்று கேட்டேன்.

"மதினி, அண்ணன் இங்க வாரானா?"

அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாறதில்ல தம்பி. ஓட்டுறது நான்."

வண்டி வாங்கின புதிதில் அண்ணனே அவருக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறான், பண்பொழி ரோட்டில், ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில். அது எனக்குத் தெரியாது. அவன் போன பிறகு பேட்டரி செத்துவிடக் கூடாதென்று செட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் பண்ணிப் போட்டிருக்கிறார். பிறகு ஒரு நாள் விடியற்காலை சுபுஹ் தொழுதுவிட்டு வெளியே எடுத்திருக்கிறார். டிரைவர் பக்கக் கதவில் ரப்பர் கிழிந்து மழை உள்ளே ஒழுகும். அதற்காக அண்ணனின் ஜெர்கினை மேலே போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கி மத்தியானம் மைதீன் பொண்டாட்டி ஓடி வாரா. காசிம் அண்ணன எங்க வீட்டு ஆளு பாத்துட்டாவளாம்னு கண்ணுல தண்ணியோட சொல்லுதா. அது நான்தான்னு சொல்ல வாயத் தொறந்தேன். வரல தம்பி. அது வர எல்லாரும் எங்கிட்டச் செத்த வீட்டுல பேசுத மாதிரித்தான் பேசுவாவ. சொத்தப் பிரிக்கணும், பொம்பள தனியா எப்பிடி இருப்பான்னு ஒவ்வொருத்தரா வந்து சொல்லிட்டுப் போவாவ. மறுநாளே அந்தப் பேச்சு நின்னு போச்சு. நான் புருசன் உள்ள பொம்பளயா ஆயிட்டேன்."

"அப்புறம்?"

"பொறவு அதுக்காவவே போனேன். நீ வந்த அன்னைக்கிக் கூடப் போனேன், கை நிக்கல. இலஞ்சிப் பெரியவரு கேன வச்சிட்டு உள்ள போற வர மூச்சப் புடிச்சிட்டு உக்காந்துருப்பேன்."

அத்தனை காலையும் நான் ஷட்டர் தூக்கியபோது இலஞ்சியைத் தாண்டிப் போயிருந்தவன் யாருமில்லை. அவர் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"இப்ப ஏன் ஒங்க பேருக்கு மாத்தணும்?"

மதினி தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

"போன மாசம் ஒரு நா ஓட்டிக்கிட்டு வரும்போ, பின்னால பாக்குத கண்ணாடியில பாத்தேன். ஆவி மூடிருந்துச்சு. அதுல அவிய மூஞ்சி இருந்துச்சு தம்பி. என் மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல. கண்ணச் சிமிட்டுனேன், போயிருச்சு. ஆனா இருந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணேன். எனக்கு என் மூஞ்சியோட இந்த வண்டிய ஓட்டணும்."

6

ஹெட் லேத்திலிருந்து வந்தது. இசக்கி கீழ்ப் பாதியின் முகத்தைச் சுரண்டித் துணியால் துடைத்தான். கேஸ்கட்டின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, எழுத்து மேலே பார்க்க வைத்தான். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இறுக்காமல், சுற்றுச் சுற்றாக இறுக்கினான். புது எண்ணெய், கூலண்ட் எல்லாம் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினான். புகை இல்லை. மூன்று சிலிண்டரும் ஒழுங்காக அடித்தன. மதினி பட்டறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே பச்சத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு அண்ணாச்சிட்டச் சொல்லிருங்க," என்றான் இசக்கி மதினியிடம்.

"சொல்லிருதேன்," என்றார் மதினி.

கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரைப் பற்றி வேண்டியவர்கள் யாருக்கும் தகவல் இல்லையென்றால், இறந்தவராகக் கருதும்படி கோர்ட்டில் கேட்கலாம், அதன் பிறகுதான் ஆர்.சி.யை மாற்ற முடியும் என்றார் வக்கீல். அதற்கு ஊரில் அறிந்தவர்கள் இரண்டு பேர், நாங்கள் இவரைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலில் மைதீனிடம் போனேன். "என்ன தம்பி நீ, கண்ணால பாத்தவன் இல்லன்னு எப்பிடி எழுதுவேன்? நாளைக்கி அவன் வந்து கேட்டா?" என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். இசக்கி தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்துவிட்டான். பஜாரில் அண்ணனைப் பார்க்காத ஆள் ஒருவர்கூட இல்லை.

"அப்பம் என்னயப் பாக்கட்டும்," என்றார் மதினி.

சாரல் விட்டு வெயிலடித்த ஒரு நாள், கடைகளெல்லாம் திறந்திருக்கும் நேரத்தில் கிளம்பினோம். ஜெர்கின் வீட்டில் கிடந்தது. புர்கா, முகம் திறந்து, நாலு கண்ணாடியும் கீழே இறக்கி. நான் பக்கத்தில். கோயில் வாசலைத் தாண்டி பஜாருக்குள் மெதுவாகப் போனார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைதீன் கடையிலிருந்து எழுந்து நின்று கையைத் தூக்கினார். மதினியும் கையைத் தூக்கினார். அப்படியே குற்றாலம் வரை போய்த் திரும்பினோம். வழியில் மதினி சிரித்ததை நான் பார்த்தேன்.

சாயங்காலம் மைதீன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு பேரும் சேந்து போனீங்களே. அண்ணன் ஓட்ட, நீ பக்கத்துல. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு தம்பி."

"ஓட்டுனது மதினி," என்றேன்.

மதினி கதவருகே வந்து நின்றார். "நான்தான் அண்ணே ஓட்டுனேன். ஒங்களப் பாத்துக் கையக் கூடக் காட்டுனேன்."

மைதீன் அவரைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை.

"சரிம்மா," என்றார். "நான் யாருட்டயும் சொல்லல."

அவர் போன பிறகு ரொம்ப நேரம் நாங்கள் விளக்கைப் போடவில்லை.

7

விடுமுறை முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பினேன். ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் சொந்தக்காரர் இரண்டு பேர் எழுதினாலும் போதும் என்றார் வக்கீல். நான் எழுதிக் கொடுக்க வேண்டியதை இங்கேயே இந்தியத் துணைத் தூதரக அதிகாரி முன்னால் உறுதி செய்து அனுப்பலாம் என்றார்கள். வரிசையில் நின்றேன். போட்டோ சரியில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். மறுமுறை அண்ணன் பெயரில் ஒரு எழுத்து போலீஸ் பதிவோடு ஒத்துப் போகவில்லை என்றார்கள். மூன்றாவது தடவை உள்ளே கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இந்தியில் கேட்டார், உங்கள் அண்ணனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று. எத்தனை வருடமாகப் பேசும் இந்தி அது. 'பார்த்தேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று வாய் சொல்லிவிட்டது. அவர் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். திருத்திச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். இன்னொரு கையெழுத்து புனலூரிலிருந்து சமீமா போட்டாள். ஊரில் இல்லாத நாங்கள் இரண்டு பேர்தான், அண்ணன் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள்.

அன்று ராத்திரி சோற்றில் கை வைத்ததும் அழுகை வந்தது. மகன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, என்னாச்சு என்று ஆங்கிலத்தில் கேட்டான். பெரியப்பா இறந்துவிட்டார் என்றேன். எப்போ என்று கேட்டான்.

8

போன மாதம் கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. வண்டியின் பேப்பரும் மாறிவிடும். ஆனால் கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருக்கும் இத்தா இப்போது மதினிக்கு வந்து சேர்ந்தது. ஜமாஅத்தில் சொல்லுமுன் அவரே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் தள்ளி வைத்ததை இருந்து முடித்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவேன் என்றார். அதுவரை வண்டி நின்று போகாமலிருக்க, வாரத்தில் ஒரு நாள் வந்து ஸ்டார்ட் பண்ணிப் போடும்படி இசக்கியிடம் அவரே சொல்லியிருந்தார்.

நேற்று போனில் பேசினோம். மழை எப்படி, சமீமா வந்தாளா என்றெல்லாம் கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"இன்னைக்கிக் காலையில இசக்கி வந்தான் தம்பி. செட்டத் தொறந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணுனான். நான் உள்ள ஓதிக்கிட்டு இருந்தேன்."

"சரி."

"அவன வரச் சொன்னதே நான்தான். எனக்குத் தெரியாதா. சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டேன். கதவுல கைய வச்சிட்டேன்."

"எதுக்கு மதினி?" என்று கேட்டேன்.

"அவிய நனஞ்சு வருவாவளே, இன்னும் சாயா போடலியேன்னு இருந்துச்சு," என்றார்.